நனைந்த வாற்கோதுமை

கொழும்பு புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்கிறேன். காணித் தகராறுகள்தான் அதிகம். ஆட்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவது என் வேலை. பழைய ஏதென்ஸின் நீதிமன்றப் பேச்சுகள் என்னை இப்படிப் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே வழக்காளியே எழுந்து பேச வேண்டும். பேச்சைக் காசுக்கு எழுதிக் கொடுக்க லிசியஸ் போன்றவர்கள் இருந்தார்கள்.

லிசியஸ் எழுதிய ஒரு பேச்சில், மனைவியின் கள்ளக்காதலனைக் கொன்ற யூஃபிலிடஸ் தன் வீட்டை விவரிக்கிறான். மாடியில் பெண்கள், கீழே ஆண்கள். குழந்தை பிறந்ததும் இடத்தை மாற்றிக்கொள்கிறார்கள். குழந்தையைக் கழுவ வேண்டிய போதெல்லாம் அவள் படியிறங்கி விழுந்துவிடக் கூடாதே என்று. ஓர் இரவு கதவு கிரீச்சிடுகிறது. காலையில் கேட்டால், குழந்தையின் விளக்கு அணைந்துவிட்டது, பக்கத்து வீட்டில் ஏற்றிவந்தோம் என்கிறாள். அவள் சகோதரன் இறந்து 30 நாள்கூட ஆகவில்லை, முகத்திலோ பூச்சு. அவன் அதைக் கவனித்தும் ஒன்றும் கேட்கவில்லை.

கொலை திட்டமிட்டதா இல்லையா என்பதில் அவன் சொல்வதை அப்படியே ஏற்க மாட்டேன். படியையும் விளக்கையும் முழுதாக நம்புகிறேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சாதாரணக் குடிமக்கள். அவர்கள் வீட்டிலும் அதே விளக்குத்தான் எரிந்தது. அதில் பிசகினால் மற்ற எதையும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஏதென்ஸின் இன்னொரு பேச்சாளர் டெமொஸ்தனீஸ் பெயரில் உள்ள இன்னொரு பேச்சு, அப்படியே எங்கள் மேசைக்கு வரும் மதில் வழக்கு. இரண்டு காணி, நடுவே பாதை, மழைவெள்ளம். மதில் தண்ணீரை மறித்ததால் தனக்கு நட்டம் என்று 1000 திராக்மா (அவர்கள் வெள்ளிக் காசு) கேட்கிறான் காலிக்கிளீஸ். மதிலைக் கட்டியவர் என் அப்பா, அதற்குப் பிறகும் 15 வருடங்களுக்கு மேல் உயிரோடிருந்தார், அப்போது ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று கேட்கிறான் எதிராளி. இதே கேள்வியை எத்தனையோ பேர் சொல்லி நான் எழுதியிருக்கிறேன்!

நட்டம் எவ்வளவு என்பது தெரிய வருவது இரண்டு அம்மாக்களால். அயல் வீடு, போய்வரும் பழக்கம். வெள்ளத்துக்குப் பிறகு எதிராளியின் தாய் காலிக்கிளீஸின் தாயிடம் போன இடத்தில், நனைந்த வாற்கோதுமை காய்ந்துகொண்டிருக்கிறது, மூன்று மெடிம்னோஸ்கூட (அது தானிய அளவை) இல்லை. மா அரை மெடிம்னோஸ். எண்ணெய்ச் சாடி சரிந்ததாம், சேதமில்லை. ஏதென்ஸில் பெண்கள் மன்றில் சாட்சி சொல்ல முடியாது. மரியாதைக்குரிய குடும்பப் பெண்களின் பெயரையும் பொதுவாகச் சொல்வதில்லை. அதனால் அந்த அம்மா கண்டதையும் கேட்டதையும் அவர் பெயரில்லாமல் மகன்தான் எழுந்து சொல்கிறான். வேண்டுமானால் அம்மா சத்தியம் செய்வார் என்கிறான்.