'இட்' (it) எங்கே நிற்கும்? பி.எட். பிராக்டிகல் முடித்த கையோடு சில வார்த்தைகள்

ரிசல்ட் வந்து நான்கு நாள் ஆகிறது. தேறிவிட்டேன். தியரியில் நல்ல மார்க், பிராக்டிகலில் நினைத்ததைவிடக் கொஞ்சம் குறைவு. அந்தக் கொஞ்சம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும், கீழே சொல்கிறேன். ப்ரேசல் வெர்ப் (டர்ன் ஆஃப், கிவ் அப் மாதிரி, வினையோடு ஒரு குட்டிச் சொல் சேர்ந்து தனிப் பொருள் தருவது) நடத்திய கதையை, இங்கிலீஷ் எடுத்து இன்டர்ன்ஷிப் போகப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். ரெக்கார்டு எழுதுவது, சார்ட் ஒட்டுவது பற்றியெல்லாம் சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். அதில் எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்குக் கிடைத்தது கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளி, எட்டாம் வகுப்பு. கைடு டீச்சர் முதல் வாரமே, "ப்ரேசல் வெர்ப் நீ எடும்மா. பசங்க இன்னிக்கு ஒப்பிக்கிறாங்க, நாளைக்கு மறந்துடறாங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

நான் செய்த முதல் தப்பு பிங்கோ. ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து நாற்பது அட்டை வெட்டினேன், பன்னிரண்டு ப்ரேசல் வெர்ப். வகுப்பே அதிர்ந்தது. பக்கத்து வகுப்பு கணக்கு சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் "டர்ன் ஆஃப் வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்றால் ஒரு கை எழவில்லை. காதில் விழுந்த சொல்லைத் தேடி வட்டம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குப் பொருளும் தேவைப்படவில்லை, வாக்கியமும் தேவைப்படவில்லை.

அடுத்தது நடித்துக் காட்டும் விளையாட்டு. ஸ்டாண்ட் அப், சிட் டவுன், பிக் அப் வரைக்கும் ஜோராகப் போனது. 'கிவ் அப்' வந்தபோது ஒரு பையன் டஸ்டரை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கி என்னிடம் கொடுத்தான். கிவ், அப். அவன் மேல் தப்பே இல்லை.

அன்று சாயங்காலம் பஸ் கெடிலம் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. தமிழிலும் இதையேதானே செய்கிறோம்? 'கைவிட்டான்' என்கிறோம், கையை யார் விட்டது? 'கண்டுபிடித்தான்' என்கிறோம், எதைப் பிடித்தான்? மறுநாள் இதைச் சொன்னதும் பிள்ளைகளே அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். "ஏமாந்து போறதுன்னா எங்க மிஸ் போறது?" என்றது ஒரு குரல். 'கிவ் அப்' என்றால் கைவிடுவது என்று அதற்குப் பிறகு நான் இரண்டாம் முறை சொல்லவேயில்லை.

புட் ஆஃப், கால் ஆஃப் இரண்டுக்கும் புயலே போதும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததையும், பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததையும் இங்கே எந்தப் பிள்ளையும் மறக்கவில்லை. மழைக்காகப் பரீட்சையைத் தள்ளிவைத்தால் புட் ஆஃப், அடியோடு ரத்து செய்தால் கால் ஆஃப் என்றேன். கடைசி பெஞ்ச் தானாகவே விளக்கம் கொடுத்தது: "புட் ஆஃப்னா படிக்கணும் மிஸ், கால் ஆஃப்னா படிக்க வேணாம்."

சரி, இப்போது முக்கியமான விஷயம். மற்றதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள்: இட் அட்டை.

நான்கு அட்டை: டர்ன், ஆஃப், த ஃபேன், இட். முதல் மூன்றையும் மூன்று பிள்ளைகளிடம் கொடுத்து வரிசையாக நிற்கவைத்தேன். 'டர்ன் ஆஃப் த ஃபேன்' சரி. ஃபேன் பிள்ளை நடுவில் வந்து நின்று 'டர்ன் த ஃபேன் ஆஃப்' என்றாலும் சரி. இப்போது ஃபேன் உட்கார்ந்துவிட, இட் எழுந்து வரும். இட்டுக்குக் கடைசியில் இடம் கிடையாது, நடுவில் மட்டும்தான்: டர்ன் இட் ஆஃப். அப்புறம் 'லுக் ஆஃப்டர்'. இந்த இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். இட் உள்ளே நுழையப் பார்க்கும், இவர்கள் விடக்கூடாது. இட் அட்டை வைத்திருந்த பையன் தோளால் முட்டினான், குனிந்து நுழையப் பார்த்தான், முடியவில்லை. கடைசியில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வால் பக்கம் போய் நின்றான். லுக் ஆஃப்டர் இட். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு புதிதாக எந்த ப்ரேசல் வெர்ப் வந்தாலும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "மிஸ், இது கை பிடிச்சதா, பிடிக்காததா?"

நெல்லிக்குப்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் ஒரு பெண், "பஸ்ஸிலேர்ந்து இறங்கறது கெட் ஆஃப்தானே, அதுலயும் ஆஃப் இருக்கே, இட் நடுவுல வருமா?" என்று கேட்டுவிட்டாள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்து, வீட்டில் அகராதியைப் புரட்டினேன். வராது. இறங்கும் அர்த்தத்தில் கெட் ஆஃப் கை பிடித்தது. ஆஃப் ஒன்றாக இருந்தாலும் கூட வரும் வினையையும் அர்த்தத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாவது வகுப்புக்கு முன்பே பார்த்துவிட்டுப் போங்கள்.

பிராக்டிகல் அன்று மார்க் போட வந்த பேனல் என் வகுப்பில் பத்து நிமிஷம்கூட உட்காரவில்லை. மோட்டிவேஷனுக்கு ஒரு கதை, பிறகு விளக்கம், கடைசியில் விளையாட்டு என்று வைத்திருந்த தோழி ஒருத்தியின் விளையாட்டை யாருமே பார்க்கவில்லை. நான் நான்காவது நிமிஷத்திலேயே அட்டையை இறக்கிவிட்டதால் தப்பித்தேன்.

மார்க் போனது வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில். எந்த மெத்தட் என்று கேட்டார்கள். பிள்ளைகள் எழுந்து நடமாடினார்களே என்று, ஜேம்ஸ் ஆஷரின் டோட்டல் பிசிக்கல் ரெஸ்பான்ஸ் (ஆசிரியர் கட்டளை சொல்ல, பிள்ளைகள் உடம்பால் செய்து காட்டும் முறை) என்று பெருமையாகச் சொன்னேன். "அதில் ஆசிரியர் ஆங்கிலத்தில்தானே கட்டளை கொடுப்பார்? நீங்கள் ஏன் தமிழில் அர்த்தம் சொன்னீர்கள்?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. டாட்சனின் பைலிங்குவல் மெத்தட் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். ஆசிரியர் தாய்மொழியில் பொருள் சொல்ல அதில் இடமுண்டு. தியரி பேப்பரில் அதைப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான்தான். வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல.

ஆகவே:

– ஒரு வகுப்புக்கு நான்கு ப்ரேசல் வெர்ப். ஐந்தாவது வேண்டாம்.
– லெசன் பிளானில் மெத்தட் பெயரை எழுதும்போது, தமிழ் எங்கே வருகிறது, ஏன் வருகிறது என்று பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.
– என்னைப் போல் குரல் சன்னமானவர்கள் கத்தும் விளையாட்டுப் பக்கமே போகாதீர்கள். குரல் கனமானவர்களுக்கு பிங்கோ சரிப்படுமோ என்னவோ, எனக்குப் பிடிக்கவில்லை.
– 'புட் அப் வித்' மாதிரி மூன்று சொல் வருவதை பிராக்டிகல் நாளில் தொடாதீர்கள். மூன்று பேர் கை கோத்தால் பெஞ்ச் இடிக்கும்.
– எழுத்து கடைசி பெஞ்சுக்குத் தெரியட்டும். ஸ்கெட்ச் போதாது, மார்க்கர் வாங்குங்கள்.
– இட் அட்டையை மட்டும் இரண்டு செய்துவையுங்கள். என்னுடையதை அந்தப் பையன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். பிராக்டிகல் அன்று காலையில் நோட்டு அட்டையைக் கிழித்துத்தான் வேறொன்று எழுதினேன்.