கன்னியில் மட்டும் தோற்ற பிளேட் சால்விங்

எடுத்த படத்தின் நட்சத்திரங்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு, தொலைநோக்கி வானில் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பிளேட் சால்விங். நள்ளிரவுக்கு மேல் தொலைநோக்கியைத் தனுசு பக்கம் திருப்பினால் சில நொடிகளில் தீர்வு வந்துவிடும். அதற்கு முன்னால் கன்னி ராசி கேலக்ஸிகளில் எதைக் காட்டினாலும், அதைச் செய்யும் ஆஸ்டாப் மென்பொருள் கையை விரித்தது. அதே தொலைநோக்கி, அதே கேமரா. இந்த வித்தியாசம்தான் துப்பு. தனுசில் பால்வீதியின் நெரிசல் இருக்கிறது. கன்னி பால்வீதியின் தளத்தை விட்டு வெகுவாக விலகியது, அங்கே நட்சத்திரங்களே குறைவு.

என்னுடையது 8 அங்குல ஷ்மிட்-காசெக்ரெய்ன், குவியத்தூரத்தை 0.63 மடங்காகக் குறைக்கும் ரெட்யூசர், 3.76 மைக்ரான் பிக்சல் கேமரா. அசல் குவியத்தூரமான 2032 மி.மீ.யை 0.63-ஆல் பெருக்கி, படமெடுப்பை இயக்கும் நினா மென்பொருளில் குவியத்தூரம் 1280 என்று கொடுத்திருந்தேன். வானின் எவ்வளவு பகுதி படத்தில் விழுகிறது என்று சால்விங் இதை வைத்துத்தான் கணிக்கும். ஆனால் ரெட்யூசருக்கும் சென்சாருக்கும் இடையே சுமார் 105 மி.மீ. இருந்தால்தான் அந்த 0.63 பொருந்தும். நடுவில் ஃபில்டர் வீல், ஆஃப்-ஆக்சிஸ் கைடர் போன்ற துணைக்கருவிகள் வந்தால் இடைவெளி கூடும், குவியத்தூரம் இன்னும் குறையும். தனுசில் தீர்வு கிடைத்த படத்தைப் பார்த்தேன்: பிக்சலுக்கு 0.66 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600 ஆர்க்செகண்ட்). 206.265 × 3.76 ÷ 0.66 போட்டால் சுமார் 1175 மி.மீ. சரி, அதையே எழுதினேன்.

கன்னி அசையவில்லை. அப்புறம்தான் தோற்ற படத்தையே ஆஸ்டாப்பில் திறந்து பெரிதாக்கினேன். நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லை, குட்டி உளுந்து வடைகளாக இருந்தன. சாயங்காலம் ஃபோகஸ் செய்த பிறகு குழாய் குளிர்ந்ததில் ஃபோகஸ் நகர்ந்துவிட்டது. தனுசில் நூற்றுக்கணக்கில் நட்சத்திரங்கள் இருப்பதால் அது தெரியாமல் சமாளித்திருக்கிறது. மறுபடி ஃபோகஸ் செய்து, சால்விங் படத்தின் எக்ஸ்போஷரை 2 நொடியிலிருந்து 8 நொடியாக்கி, பின்னிங்கை 2 என்று வைத்தேன் (2×2 பிக்சல்களை ஒன்றாகச் சேர்ப்பது). மங்கலான நட்சத்திரங்களும் தலைகாட்டின.

ஆஸ்டாப் ஒப்பிட்டுப் பார்க்கும் நட்சத்திரப் பட்டியலிலும் ஒரு சிக்கல் இருந்தது. நான் நிறுவியிருந்த டி05 பட்டியல், 0.6 பாகைக்கு மேலான பார்வைப் புலத்துக்கே பொருத்தம். என் சென்சாரின் ஒரு பக்கம் 3008 பிக்சல், அதாவது 0.55 பாகைதான். சிறிய புலத்துக்கும் ஏற்ற டி50-ஐ இறக்கி நிறுவியதும், கன்னியில் உள்ள எம்87 கேலக்ஸியின் படம் முதல் முயற்சியிலேயே தீர்ந்தது.

ஆஸ்டாப் வானில் தேடும் வட்டத்தைப் பெரிதாக்கு என்பதுதான் பலரும் முதலில் சொல்லும் வைத்தியம். தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுன்ட் இலக்கிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால் அது உதவும். என் மவுன்ட் ஒரு பாகைக்குள்தான் தவறியது, அதனால் அதைத் தொடவே இல்லை.