கிராணி மேசையில் நின்றுபோகும் கடிதங்கள்

மலேசியத் தோட்டப் பட்டணத்தில் கடிதம் வரவில்லை என்றால் முதல் ஏச்சு தபால்காரருக்குத்தான் விழும். ஆனால் காணாமல் போனதாகச் சொல்லும் கடிதத்தைத் தேடிக்கொண்டு போனால், பெரும்பாலும் அது வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள்தான் கிடக்கும்: தோட்டத்து ஆபிஸ் தட்டில், முனைக் கடை மேசையில், வேறு லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) அதே எண் போட்ட வீட்டில், சில நேரம் கோயில் மண்டபத்துச் சன்னலில். எந்தக் கையில் நின்றது என்று பிடிக்காமல் எழுதும் அடுவானுக்கு (புகாருக்கு) "சேர்ப்பிக்கப்பட்டது" என்று ஒரு வரிதான் பதில் வரும். அதோடு கோப்பை மூடிவிடுவார்கள்.

முதல் சாட்சி உறை. அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, பில் மூன்று வாரம் கழித்து வந்தது என்று சண்டைக்குப் போகிறவர்கள் நம்மில் அதிகம். உறையின் வலது மேல் மூலையைப் பாருங்கள். தபால்தலை ஒட்டி வட்ட முத்திரை குத்தியிருந்தால் அனுப்பிய நாள் அதிலேயே இருக்கும். முத்திரை இயந்திரத்தில் அடித்த உறையிலும் இருக்கும். ஆனால் "பாயாரான் போஸ் ஜெலாஸ்" (தபால் கட்டணம் செலுத்தப்பட்டது) என்று அச்சிட்ட கட்டமும் ஓர் அனுமதி எண்ணும் மட்டும் இருந்தால் அதில் நாள் கிடையாது. வங்கியும் காப்புறுதிக் கம்பெனியும் மொத்தமாக அனுப்பும் கடிதங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். உள்ளே இருக்கும் தேதி கணினி போட்ட தேதி. அந்தக் கட்டு என்றைக்கு அஞ்சலில் ஒப்படைக்கப்பட்டது என்பதை அது சொல்லாது. இந்த உறையை வைத்துக்கொண்டு அஞ்சலகத்தோடு வாதாடிப் பயனில்லை. அனுப்பியவரிடம்தான் ஒப்படைத்த நாளைக் கேட்க வேண்டும்.

எந்த வகை உறையானாலும் கைக்குக் கிடைத்த அன்றே அதன் மேல் பேனாவால் தேதியையும் யார் கொடுத்தார் என்பதையும் எழுதி, இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போயிருந்தால், உறையில் என்ன காரணம் குறித்திருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். "பிண்டா" என்றால் நீங்கள் வீடு மாறிப் போய்விட்டதாகத் தபால்காரர் நினைத்திருக்கிறார். "அலாமாட் தீடாக் லெங்காப்" என்றால் முகவரியில் ஏதோ குறை. "தீடாக் டிதுந்துட்" என்றால் உங்களுக்குச் சீட்டு வைத்துவிட்டுப் போனதாகவும் நீங்கள் போய் எடுக்கவில்லை என்றும் பொருள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கடைசிக் காரணத்தில்தான் சண்டைக்கு இடம் உண்டு, ஏனென்றால் சீட்டு வைத்தார்களா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி.

முகவரியில்தான் நம் பக்கத்துக் குழப்பம் முழுக்க இருக்கிறது. ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று டிவிஷன் இருக்கும். ஒவ்வொன்றிலும் லயத்து எண் ஒன்றிலிருந்து தொடங்கும். வெறுமனே வீடு 12 என்று எழுதினால் அது மூன்று வீட்டுக்குப் பொருந்தும். பெயரும் அப்படித்தான். முனியாண்டி, லெட்சுமி என்று ஒற்றைப் பெயரை எழுதிக் கூப்பிட்டால் லயத்துக்கு நாலு பேர் எழுந்து வருவார்கள். ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ளபடி, ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) சேர்த்து, தகப்பன் பெயர் வரை முழுதாக எழுத வேண்டும். தோட்டத்துக்கும் நாம் வாயால் சொல்லும் தமிழ்ப் பெயர் ஒன்று, கம்பெனி கைமாறிய பிறகு வந்த பெயர் ஒன்று, வாசல் பலகையில் இருக்கும் பெயர் ஒன்று. பலகையில் இருப்பதையே எழுதுங்கள். விடுப்பில் போன தபால்காரருக்குப் பதிலாக வரும் ஆளுக்கு அது ஒன்றுதான் கண்ணில் படும்.

வரிசை இதுதான்: முழுப் பெயர், வீட்டு எண், லயம் அல்லது லோரோங் (சந்து), டிவிஷன், தோட்டம் அல்லது தாமான் (குடியிருப்பு), பிறகு போஸ்கோட்டும் (அஞ்சல் குறியீடு) ஊரும் ஒரே வரியில், போஸ்கோட் முதலில், கடைசி வரியில் மாநிலம். போஸ்கோட்டின் ஐந்து இலக்கங்கள் ஊர் வரைக்கும்தான் வழி காட்டும். பாத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பெரியவர்கள் இன்னும் பழைய பெயரையே எழுதுகிறார்கள். 45600 சரியாக இருந்தால் ஊர் போய்ச் சேரும், மோசமில்லை. எண் பிசகினால்தான் வம்பு. ஹூத்தான் மெலிந்தாங் 36400. இரண்டாவது, மூன்றாவது இலக்கங்களை மாற்றித் தட்டினால் 34600, அது கமுந்திங். கடிதம் தைப்பிங் பக்கம் சுற்றிவிட்டு, யாராவது கவனித்தால் திரும்பி வரும். மாதாமாதம் ஒரே இடத்துக் கடிதம் மட்டும் தாமதம், மற்றவை ஒழுங்காக வருகின்றன என்றால் அஞ்சலகத்தைத் திட்டாமல் அந்த வங்கியோ கம்பெனியோ வைத்திருக்கும் போஸ்கோட்டைப் பாருங்கள். ஐசியில் முகவரி மாற்றினால் வங்கியிலும் ஜேபிஜேயிலும் (சாலைப் போக்குவரத்துத் துறை) தானாக மாறிவிடும் என்று நினைப்பது இன்னொரு தப்பு. ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

இப்போது கிராணி (தோட்டத்து ஆபிஸ் எழுத்தர்) மேசைக்கு வருவோம். லயங்களுக்குள் தபால்காரர் வீடு வீடாக ஏறாத தோட்டங்களில் மொத்தக் கட்டும் ஆபிஸில் இறங்கும். சாதாரணக் கடிதம் தட்டில் கிடக்கும். செக்ரோல் (வேலைக்கு வந்தவர் கணக்கு) எடுக்கும்போதோ சம்பள நாளிலோ ஆளுக்கு ஆள் கொடுப்பார்கள். வேலையை விட்டு ஓய்வு பெற்றவர், தோட்டத்தில் குடியிருந்து வெளியே வேலைக்குப் போகிற பிள்ளைகள், இவர்கள் சம்பள நாளில் ஆபிஸ் பக்கம் வருவதில்லை. அவர்களுடைய கடிதம்தான் அதிகம் தேங்குகிறது. பதிவு அஞ்சல் இன்னும் சிக்கல். ஆபிஸில் ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால், பதிவு எண்ணைத் தேடிப் பார்க்கும் இணையப் பக்கத்தில் "சேர்ப்பிக்கப்பட்டது" என்று வந்துவிடும். அஞ்சலகக் கணக்கில் வேலை முடிந்தது. உங்கள் கையில் கடிதம் இல்லை. இரண்டும் உண்மை.

இதற்கு ஆபிஸில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: வந்த நாள், உறையில் உள்ள பெயர், பதிவு எண், வாங்கியவர் கையெழுத்து, எடுத்துப் போன நாள். ஐந்து பத்தி, அவ்வளவுதான். மேனேஜரிடம் தனியாளாகப் போய்க் கேட்டால் இழுத்தடிப்பார்கள். தொழிற்சங்கத் தோட்டக் கமிட்டி மூலம் எழுத்தில் கேளுங்கள். நோட்டு வந்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும், கிராணிக்கும் நிம்மதி.

பதிவு எண்ணைப் பற்றி ஒரு சங்கதி. முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டின் இரண்டெழுத்து. மலேசியாவில் போட்டதென்றால் எம்.ஒய். பதிவு அஞ்சல் ஆர் எழுத்தில் தொடங்கும். துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்த எண் தேடினால் கிடைக்கவில்லையா? எண்ணையே சோதிக்கலாம். முதல் எட்டு இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் ஒன்பதாவது இலக்கம் வர வேண்டும் (விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5). 12345678 என்று வைத்துக்கொள்ளுங்கள்: கூட்டுத்தொகை 204, மீதி 6, ஆகவே கடைசி இலக்கம் 5. வரவில்லை என்றால் யாரோ தப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 1-ஐ 7 என்றும் 0-ஐ 6 என்றும் படிப்பது வழக்கமான பிசகு.

தாமதம் எங்கே என்று தெரியாவிட்டால் சோதனைக் கடிதம் போடுங்கள். உங்கள் முகவரிக்கே மூன்று: ஒன்று உங்கள் ஊர் அஞ்சலகத்தில், ஒன்று பக்கத்து ஊரில், ஒன்று கோலாலம்பூரில் இருக்கும் உறவினர் மூலம். மூன்றையும் ஒரே நாளில், பெட்டியில் போடாமல் கவுண்டரில் கொடுத்து, முத்திரையைத் தெளிவாகக் குத்தச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஒரு முறை, வெயில் நாளில் ஒரு முறை செய்தால் நல்லது, ஏனென்றால் செம்மண் ரோட்டில் மோட்டார் சைக்கிள் இறங்காத நாளும் ஒரு காரணம். மூன்றும் ஒரே நாளில் குவியலாக வந்தால் கடிதங்கள் ஊருக்கு வந்து காத்திருந்திருக்கின்றன. தடை கடைசிக் கட்டத்தில். கோலாலம்பூர்க் கடிதம் மட்டும் பிந்தினால் மேலே எங்கோ நின்றிருக்கிறது.

கவுண்டரில் விசாரிப்பது பெரும்பாலும் வீண். தபால்தலை விற்கும் கவுண்டரும் கடிதங்களை வகை பிரித்து வெளியே எடுத்துப் போகும் கிளையும் பல ஊர்களில் வேறு வேறு இடம், வேறு வேறு ஆட்கள். அந்தக் கிளைக்கு, தபால்காரர்கள் கிளம்புமுன், காலையிலேயே போக வேண்டும். "ஏன் வரவில்லை?" என்று கேட்காதீர்கள், "எங்கள் லயத்துக்கு இப்போது யார் வருகிறார், பழைய ஆள் மாறிவிட்டாரா, ஆபிஸில் கொடுக்கிறாரா வீட்டுக்கு வருகிறாரா?" என்று கேளுங்கள். பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

அதிலும் ஆகவில்லை என்றால் எழுத்தில் அடுவான். பதிவு அஞ்சலானால் அனுப்பியவர் கையில்தான் ரசீது இருக்கும், ஆகவே விசாரணையை அவரைத் தொடங்கச் சொல்வது வேகமானது. வெளிநாட்டுப் பதிவு அஞ்சலுக்கு உலக அஞ்சல் ஒன்றிய விதிப்படி 6 மாதத்துக்குள் விசாரிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் கடிதத்துக்குத் தீபாவளி வரை காத்திருந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அடுவானில் கோபத்தைக் கொட்ட வேண்டாம். எண், போட்ட நாள், போஸ்கோட், உறைப் படம், இவற்றோடு ஒரே கேள்வி: வாங்கியவர் பெயரும் கையெழுத்தும் என்ன? கொடுக்கும் குறிப்பு எண்ணை எழுதி வையுங்கள். பதில் சரியில்லை என்றால் அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு எழுதலாம்; 2012 அஞ்சல் சேவைச் சட்டப்படி மேற்பார்வை அவர்களுடையது. குறிப்பு எண் இல்லாமல் அங்கே போனால், முதலில் நிறுவனத்திடம் கேளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிதம் வரவில்லை என்பது சட்டத்தில் தானாகவே சாக்கு ஆகிவிடாது. 1948, 1967 பொருள்கொள்ளல் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, அஞ்சலில் சேர்ப்பிக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் ஆவணத்தைச் சரியான முகவரியில் பதிவு அஞ்சலில் போட்டுவிட்டால், மாறாக நிரூபிக்கும் வரை, வழக்கமான அஞ்சல் நாளில் அது சேர்ந்ததாகவே கொள்வார்கள். வருமான வரி மதிப்பீட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்ய நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 30 நாள்தான். மாறாக நிரூபிக்க உங்களிடம் இருப்பது முத்திரையுள்ள உறையும் ஆபிஸ் நோட்டும்தான். அதனால்தான் முதலிலேயே உறையைப் பற்றி அவ்வளவு சொன்னது.

நாள் கெடு உள்ள எதையும் அஞ்சலை நம்பி விடாதீர்கள். போலீஸ் சம்மனை மைபாயார் செயலியில் பார்க்கலாம். கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) கணக்கை அதன் ஐ-அகவுன் இணையக் கணக்கில் பார்க்கலாம். வங்கி அட்டையைக் கிளையிலேயே வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

மிச்சக் கடிதத்துக்கு நல்ல பெட்டி வையுங்கள். கேட்டுக்கு வெளியே, மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில். நாய் கட்டாத வீட்டுக்குள் எந்தத் தபால்காரரும் வரமாட்டார், வரவும் வேண்டாம். வாய் 25 சென்டிமீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் நீள உறை மடங்காமல் இறங்கும். மேலே சாய்ந்த கூரை, அடியில் நாலு சிறு ஓட்டை. இல்லாவிட்டால் தண்ணீர் நின்று, காகிதத்தை நத்தை தின்னும். லயத்தில் வீட்டுக்கு வீடு பெட்டி வைக்க முடியாத இடத்தில் எல்லாருமாகச் சேர்ந்து நுழைவாயிலில் வரிசைப் பெட்டி அடிக்கலாம்; டிவிஷன், லயம், வீட்டு எண் மூன்றையும் ஒவ்வொரு பெட்டியிலும் எழுதுங்கள். அதுவும் சரிவராதவர்கள் அஞ்சலகத்தில் பெட்டி வாடகைக்கு எடுக்கிறார்கள். கடிதத்துக்கு அது நல்லது. கூரியர் பார்சலுக்கு மட்டும் வீட்டு முகவரியும் கைப்பேசி எண்ணும் தனியாக எழுத வேண்டும், பெட்டி எண்ணைப் பார்த்தால் அவர்கள் வரமாட்டார்கள்.