மடிநோய்க்கு ஊசி போடுமுன் ஒரு குப்பி பால்

காரைக்குடிப் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு மடிநோய் புதிதில்லை. எங்கள் ஜெர்சிக் கலப்புப் பசுவுக்குப் பின்காம்பு ஒன்று கல்லாக இறுகி, பால் திரிதிரியாக வந்தது. ஊரில் ஊசி போடுபவர் வந்து போட்டார், காம்புக்குள் ட்யூப் ஏற்றினார். வற்றுவதுபோல் வற்றித் திரும்ப வீங்கியது. “இதைவிடப் பவரான ஊசி இருக்கு” என்றார். சரி, போதும் என்று கால்நடை மருத்துவரிடம் போனோம்.

அவர் முதலில் கேட்டது பால் மாதிரி. மருந்து ஏறியிருக்கும்போது எடுத்தால் கிருமி வளராதாம். ஊசியை நிறுத்திச் சில நாள் பொறுக்கச் சொன்னார். அப்புறம் மடியைக் கழுவித் துடைத்து, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்து, முதல் பீச்சுகளைக் கழித்துவிட்டு, கிருமி நீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்துப் பீச்ச வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் மடியின் தூசி விழுந்து, தொழுவத்துக் கிருமிதான் வளரும். ஆத்தாதான் பீச்சினார், என்னை அந்த மாடு அண்டவிடாது. ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன்.

முடிவு வாங்கப் போனபோது, பாலிலிருந்த கிருமியை வளர்த்த தட்டைக் காட்டினார்கள். கிருமி படர்ந்த பரப்பில் பொட்டுப் பொட்டாக மருந்து வில்லைகள். வேலை செய்யும் மருந்தைச் சுற்றித் தெளிவான வட்டம் விழுகிறது. பென்சிலின் வில்லையின் விளிம்புவரை கிருமி வளர்ந்திருந்தது. அந்தக் கிருமியின் பெயர் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், மனிதர்களின் புண்ணிலும் சீழ் வைக்கும் அதே இனம்.

மருந்தே கேட்காவிட்டால்? அங்கிருந்தவர் ஃபேஜ் பற்றிச் சொன்னார்: பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். சாக்கடையிலும் சாணத் தண்ணீரிலும் கிடைக்கும். நம் ஊருணியில்கூட இருக்கும். 1917-இல் நுண்ணுயிரியலாளர் டெரெல் இதற்குப் பெயர் வைத்தார். ஜார்ஜியாவின் திபிலிசியில் 1923-இல் தொடங்கிய நிலையம் இன்றும் ஃபேஜை வைத்துச் சிகிச்சை செய்கிறது. ஆனால் ஒரு ஃபேஜ் எல்லாக் கிருமியையும் கொல்லாது. பொருந்துவதைத் தேட, தட்டில் கிருமியை வளர்க்கும் இதே கல்ச்சர்தான் வேண்டும். மடியில் இன்னொரு தொல்லை: பாலில் உள்ள புரதங்கள் கிருமிமேல் படிந்து ஃபேஜை ஒட்டவிடாமல் தடுக்கின்றன. அதனால் மடிநோய்க்கு இது இன்னும் ஆராய்ச்சிதான், கடையில் போய்க் கேட்க முடியாது.

எங்களுக்கு வட்டம் விழுந்த மருந்து ஒன்று இருந்தது. முழு அளவும் போட்டார்கள். மருந்து நின்று, சொன்ன கெடு முடியும்வரை பாலைக் குழியில்தான் கொட்டினோம். ஆத்தாவுக்கு மனம் கேட்காமல் ஒரு சொம்பு எடுத்து உறை ஊற்றிப் பார்த்தார். உறையவில்லை, தயிராக்கும் பாக்டீரியாவையும் மருந்து விடவில்லை. வீக்கம் வடிந்துவிட்டது. அந்தக் காம்பில் மட்டும் பால் பழைய அளவுக்கு வரவில்லை.