555 சைரன்: 'வூப்' ஒருவழியாக மேலே ஏறியது

ராப் பாடகர் கேஆர்எஸ்-ஒன் 1993-இல் பாடிய 'சவுண்ட் ஆஃப் டா போலீஸ்' பாட்டில் வாயாலேயே ஒரு சைரன் எழுப்புவாரே, 'வூப்-வூப்' என்று? அது இப்போது என் பிரெட்போர்டிலிருந்து (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை) வருகிறது. வீட்டில் யாருக்கும் இதில் மகிழ்ச்சி இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜமைக்காவின் டப் இசையில் கேட்கும் வழக்கமான டப் சைரன்தான்: மெதுவாக ஆட ஒரு 555 டைமர் சிப், சத்தம் போட இன்னொன்று. இரண்டு சுரச் சைரன் முதல் நாளே வந்துவிட்டது. மெதுவான சிப்பின் பின் 3-ஐ (மூன்றாவது கால், வெளியீடு) ரெசிஸ்டர் வழியாக அடுத்ததன் பின் 5-இல் (சுருதியை மாற்றும் கால்) கொடுத்தால் வேலை முடிந்தது. ஜெர்மன் போலீஸ் வண்டிகளில் கேட்பது ச-ம இடைவெளி, 3-க்கு 4. ஒரு டிரிம்பாட் (திருகி மாற்றும் குட்டி ரெசிஸ்டர்) வைத்து, ஸ்ருதிப் பெட்டியோடு ஒப்பிட்டுச் சேர்த்துக்கொண்டேன். 'போலீஸ் ஆன் மை பேக்' பாட்டில் கிட்டாரே சைரனாக அலறும்; அதோடு இதை ஓடவிட்டுப் பாருங்கள். எடி கிராண்ட் 1967-இல் தன் 'ஈக்வல்ஸ்' குழுவுக்கு எழுதியது; நான் சொல்லும் கிட்டார் 1980-இல் 'தி கிளாஷ்' செய்த வடிவத்தில் இருக்கிறது.

படுத்தி எடுத்தது அமெரிக்க போலீஸ் வண்டிகளின் 'யெல்ப்'தான், அதாவது வழுக்கிக்கொண்டு ஏறும் அந்த 'வூப்'. பின் 3-இல் சதுர அலை, அதற்கு இரண்டே நிலை. வழுக்கிக்கொண்டு ஏற வேண்டுமானால் மெதுவான சிப்போடு சேர்ந்து நிரம்பிக் காலியாகும் கெபாசிட்டரில், அதாவது பின் 6-இல், மின்னழுத்தத்தை எடுக்க வேண்டும். 9 வோல்ட்டில் அது 3-க்கும் 6-க்கும் நடுவே ஏறி இறங்கும். நேரடியாகத் தொட்டால் ஆட்டமே நின்றுவிடும் என்பதால் நடுவில் ஒரு எல்எம்358 பஃபர் (மின்னழுத்தத்தைத் தொந்தரவு செய்யாமல் நகலெடுக்கும் சிப்). அது வரை சரி. ஆனால் வந்தது 'வூப்' இல்லை, 'ப்யூ... ப்யூ...'. தீபாவளி பொம்மைத் துப்பாக்கி!

காரணம் பின் 5-இன் குணம். அங்கே மின்னழுத்தம் கூடினால் சுருதி குறையும், ஏனென்றால் கெபாசிட்டர் இன்னும் உயரம் வரை ஏற வேண்டியிருக்கிறது. ஆக, சுருதி நிதானமாக ஏற வேண்டுமானால் முதல் சிப்பின் கெபாசிட்டர் சட்டென்று நிரம்பி, மெதுவாகக் காலியாக வேண்டும். சாதாரண இணைப்பில் அதற்கு வழியே இல்லை. நிரம்புவது ஆர்1, ஆர்2 என்ற இரண்டு ரெசிஸ்டர்களின் வழியாக. காலியாவது ஆர்2 வழியாக மட்டும். நிரம்பும் நேரம் ஒருபோதும் குறைவாக இருக்காது.

தீர்வு ஒரே ஒரு 1என்4148 டயோடு, மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடுவது. ஆர்2-க்குக் குறுக்கே, ஆனோடு பின் 7 பக்கம். நிரம்பும்போது மின்னோட்டம் ஆர்2-ஐத் தாண்டிப் போய்விடுகிறது. ஆர்1 4.7 கிலோ ஓம், ஆர்2 47 கிலோ ஓம், கெபாசிட்டர் 10 மைக்ரோஃபாரட். காலியாக ஏறக்குறைய 0.33 நொடி, நொடிக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவான வூப். ஒரு ரூபாய் சமாச்சாரம், இத்தனை நாள் ஆட்டம் காட்டிவிட்டது.

இன்னொன்று: சத்தம் போடும் சிப்பில் ஆர்1-ஐ ஆர்2-ஐவிட நன்றாகப் பெரிதாக வையுங்கள். பின் 5 ஆட்டிவைப்பது நிரம்பும் நேரத்தை மட்டும்தான். அதனால் அந்தப் பங்கு எவ்வளவு பெரிதோ அவ்வளவு அகலமாக ஏறும். ஆர்1 100 கிலோ ஓம், ஆர்2 10 கிலோ ஓம் வைத்தால் ஒரு ஸ்தாயிக்கு மேலேயே போகிறது.

அப்புறம், சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் பாட் (வால்யூம் திருகு போன்றது) வாங்கும்போது கடையிலேயே திருகிப் பார்த்து வாங்குங்கள். கரகரப்பது சைரனில் அப்படியே கேட்கும்.

பெட்டியில் அடைக்கும் வேலை அப்படியே கிடக்கிறது. அதற்குள் பிடி2399 சிப் வாங்கிவிட்டேன், எக்கோ போட. ஜூனியர் மர்வினின் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' (1976) ரிதத்தின் மேல் இந்த வூப் எக்கோவோடு தேய்ந்து போவதைக் கேட்டுவிட வேண்டும். எக்கோவுக்குப் பேர்போன டப் முன்னோடி லீ பெர்ரி தயாரித்த பாட்டு. அதில் கை வைக்க எக்கோ இல்லாமல் எப்படி? பெட்டிக்கு மூடி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.