தடைக்காலத்து நாட்குறிப்பு: பழைய பாகங்களும் ஒரு செஸ்னாவும்

மே 4, உச்சிப்புளி

இரவெல்லாம் கச்சான் காற்று. மொட்டை மாடிக் கம்பியைத் தொட்டால் விரலில் உப்பு ஒட்டுகிறது. காலையில் கடற்படையின் பருந்து விமானத் தளத்திலிருந்து ஒரு சேத்தக் ஹெலிகாப்டர் வீட்டுக்கு மேலே போனது. கடற்படையில் விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியும், அந்தச் சத்தத்தில் பிசகு ஏதும் இருக்கிறதா என்று காது தேடத்தான் செய்கிறது.

மாலையில் ஒரு போன். பழைய சகா மூலம் பழக்கமானவர். சொந்தமாக செஸ்னா 172 என்ற ஒற்றை இன்ஜின் சிறு விமானம் வைத்திருக்கிறார். லைகமிங் இன்ஜின். முழுதும் பிரித்துப் புதுப்பித்து, அதாவது ஓவர்ஹால் செய்து 14 ஆண்டுகள், ஓடியது 900 மணி நேரம். "2,000 மணி நேரம் தாங்கும் என்கிறார்களே அண்ணே, பாதி கூட ஓடவில்லை. இப்போதே பிரிக்க வேண்டுமா?"

தயாரிப்பாளர் சொல்வது 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டுகள், எது முந்துகிறதோ அது. இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் அவருடைய உரிமம் பெற்ற பொறியாளர். ஆனாலும் கேட்டவரைச் சும்மா அனுப்ப மனம் வரவில்லை. மாதத்துக்கு எத்தனை முறை பறக்கிறீர்கள் என்று கேட்டேன். சென்ற மழைக்காலத்தில் மூன்று மாதம் கொட்டகையை விட்டு எடுக்கவே இல்லையாம். விமானம் நிற்பதோ கடற்கரையை ஒட்டிய ஊர்.

மே 5

அவருக்கு எழுதி அனுப்பினேன். குறைவாக ஓடிய இன்ஜின் இளமையானது என்று நினைக்காதீர்கள். இந்த வகை இன்ஜினில் வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் மேலே இருக்கிறது. நிறுத்தி வைத்தால் எண்ணெய் வடிந்து கீழே போய்விடும். ஈரக்காற்று பட்டு துரு பிடிக்கும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் துரு உரசி, மேல் பரப்பே பெயர ஆரம்பிக்கும். எண்ணெய் ஃபில்டரை அறுத்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள், வயதைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

மே 13, மண்டபம்

தங்கை மகனின் விசைப்படகில் மராமத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கரையெங்கும் சுத்தியல் சத்தமும் பெயின்ட் வாசனையும்தான். இன்ஜினைக் குளிர்விக்கும் கடல்தண்ணீர் பம்பைத் திறந்தோம். தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் இதழ்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து அப்படியே இறுகிவிட்டிருந்தன. ஒன்றை விரலால் மடக்கிக் காட்டினேன்: அடியில் மயிரிழை போல வெடிப்பு.

"இன்னும் தண்ணீர் ஏற்றுகிறதே மாமா, ஒரு சீசன் தள்ளலாமே?"

தள்ளக்கூடாது. ரப்பர் ஓடினாலும் கெடும், சும்மா கிடந்தாலும் கெடும். இதழ் ஒன்று அறுந்து குழாயை அடைத்தால், நடுக்கடலில் இன்ஜின் சூடேறி நின்றுவிடும். பம்போ சில நூறு ரூபாய்ச் சாமான் கேட்கிறது. மாற்றினோம். ஹோஸையும் மாற்றினோம். ஆனால் ஜெனரேட்டரைக் கழற்றப் போனவனைத் தடுத்தேன். அது ஒழுங்காக வேலை செய்கிறது, கெட்டால் விளக்கு மங்கிக் காட்டிக்கொடுக்கும்.

மே 21

செஸ்னாக்காரர் படம் அனுப்பினார். ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை வெள்ளைத் துணியில் விரித்திருக்கிறார்கள். அரிசிக் குறுணையை விடச் சிறிய மினுமினுப்பான செதில்கள் ஏழெட்டு. காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் ஒட்டிக்கொண்டனவாம். அப்படியென்றால் எஃகு. ஒரு சிலிண்டரைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லியிருக்கிறார் அவருடைய பொறியாளர். அதுதான் சரி.

மே 29

கேம் ஷாஃப்டின் மேடு உரசித் தள்ளும் டாப்பெட் என்ற பாகத்தின் முகத்தில் குழிகள். இன்ஜின் ஓவர்ஹாலுக்குப் போகிறது. மனிதர் உடைந்துபோயிருந்தார், செலவு பெரிது. "அப்படியானால் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புதிதாகப் போட்டுவிடலாமா அண்ணே?"

வேண்டாம் என்றேன். 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நோலனும் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குத் தந்த அறிக்கையை நான் பயிற்சி முடித்த காலத்தில் ஒரு மூத்த அதிகாரி விளக்கியிருக்கிறார். அவர்கள் ஆராய்ந்த பாகங்களில் வயது வரம்பு வைத்து மாற்றினால் பயன் தரக்கூடியவை நூற்றுக்கு 11 மட்டுமே. நூற்றுக்கு 68 பாகங்கள் பொருத்திய புதிதில்தான் அதிகம் பழுதாயின. இரண்டாம் உலகப் போரிலேயே பிரிட்டிஷ் உயிரியலாளர் வாடிங்டன் லிபரேட்டர் விமானங்களில் இதைக் கண்டிருந்தார்: பராமரிப்பு முடிந்த உடனேதான் பழுதுகள் கூடின.

ஆகவே அவரிடம், சில கருவிகளைக் காற்றை உறிஞ்சி ஓட்டும் வேக்குவம் பம்பை மட்டும் நாளைக் கணக்கிட்டு மாற்றச் சொன்னேன். அதன் கார்பன் தகடுகள் தேய்ந்து உடைவது ஒரு நொடியில் நடக்கும். சாய்வு காட்டும் கருவியும் கூடவே போகும். மேகத்துக்குள் இருந்தால் அதுதான் ஆபத்து. இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவை 500 மணி நேர ஓட்டத்துக்கொரு முறை திறந்து பார்க்க வேண்டும். டயரையும் பிரேக்கையும் கண்ணே சொல்லிவிடும்.

ஜூன் 9, மண்டபம்

படகைக் கட்டியபடியே இன்ஜினை ஓடவிட்டோம். மருமகனுக்கு டீசல் வீணாகிறதே என்ற கவலை. இரண்டு மணி நேரம் ஓடட்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். நாற்பதாவது நிமிடம் புதிய ஹோஸின் வாயில் ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று. பழைய பாகம் எதுவும் கசியவில்லை. கிளிப், குழாயின் விளிம்பு மேட்டைத் தாண்டிப் பின்னால் உட்காராமல் மேட்டின் மீதே ஏறியிருந்தது. அதை முறுக்கியவன் நான். முப்பது ஆண்டு கை. அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்க்ரூ டிரைவரை மட்டும் நீட்டினான்.

கொச்சியில் ஐலாண்டர் என்ற இரட்டை இன்ஜின் விமானத்தில் வேலை செய்தபோது எங்கள் மேற்பார்வையாளர் ஒரே நாளில் ஒரே ஆளை இரண்டு இன்ஜினிலும் கை வைக்க விடமாட்டார். எரிச்சலாக இருக்கும். அவர் நினைவு வந்தது.

இரவு செஸ்னாக்காரருக்கு எழுதினேன்: ஓவர்ஹால் முடிந்து வந்ததும் முதல் பத்து மணி நேரம் ஓடுதளம் கண்ணை விட்டு மறையாத தூரத்திலேயே சுற்றுங்கள். யாரையும் ஏற்றாதீர்கள்.

ஜூன் 14

ஐஸ் ஏற்றி, டீசல் பிடித்து, படகுகள் தயாராக நிற்கின்றன. நாளை முதல் நாள் தொழில் என்பதால் எல்லோருக்கும் தூரம் போகத்தான் ஆசை. மருமகன் தானாகவே சொன்னான்: "நாளைக்குக் கரை தெரிகிற இடத்திலேயே வலை விடுகிறேன் மாமா." பழைய இம்பெல்லரைக் கழுவி, கேபினில் ஆணியில் மாட்டியிருக்கிறான்.