ஹங்கேரியின் நீதிபதிகள்

ஹங்கேரியில் ஜனநாயகம் தேய்ந்த கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருவது அந்த ஓய்வு வயது விஷயத்தில்தான். 2010 தேர்தலில் சுமார் 53 சதவீத வாக்கு வாங்கிய விக்டர் ஓர்பானின் கூட்டணிக்கு (அவர்தான் பிரதமரானார்) மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் கிடைத்தன. அந்தப் பலத்தில் புது அரசியல் சாசனம் எழுதினார்கள். நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-இலிருந்து 62-ஆகக் குறைத்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட மூத்த நீதிபதிகள் சத்தமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இது வயதுப் பாகுபாடு என்று 2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரி, ஆனால் அதற்குள் தலைமைப் பதவிகளில் வேறு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இழப்பீட்டை வாங்கிக்கொண்டு ஒதுங்கியவர்களே அதிகம்.

2018-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒன்றிய ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவைக் கையிலெடுத்தது; விதிமீறும் உறுப்பு நாட்டின் வாக்குரிமையை நிறுத்திவைக்க வழிசெய்யும் பிரிவு அது. ஆனால் மற்ற எல்லா உறுப்பு நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் அந்த வாக்குரிமையில் கை வைக்க முடியும். போலந்து அப்போது ஓர்பான் பக்கம் நின்றது. அப்புறம் 2022-இல் ஹங்கேரிக்கான ஒன்றிய நிதியை முடக்கினார்கள். அதுதான் உண்மையில் வலித்தது. அதையும் கெடுத்தார்கள்! 2023 டிசம்பரில், உக்ரைன் பற்றி ஓர்பானின் சம்மதத்தோடு முடிவெடுக்க வேண்டிய உச்சி மாநாட்டுக்கு முந்தைய நாள், 1,000 கோடி யூரோவுக்கு மேல் விடுவித்தது ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம். நீதித்துறைச் சீர்திருத்தம் நடந்துவிட்டதாம். அதை எதிர்த்து ஐரோப்பிய நாடாளுமன்றமே வழக்குப் போட்டது, நியாயமாகத்தான்.